மூக்கடைத்த ஆஜர்

நடந்ததைத்தான் சொல்கிறேன். சந்தேகமிருந்தால் வடகரப்பதிக்கு வந்து எங்கள் பக்கத்து வீட்டுச் செல்வப்பிரியாவையே கேளுங்கள். அவள் வாயைத் திறக்க மாட்டாள். அதனால்தான் நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொரோனா இரண்டாம் அலை. செல்வப்பிரியாவுக்கு எம்.ஏ. தமிழ், கடைசி வருடம். கல்லூரி செல்போனுக்குள் வந்துவிட்டது. வீட்டில் சிக்னல் எடுக்காது. தோட்டத்து மோட்டார் ரூம் வாசல்தான் வகுப்பறை. அம்மா மருதாத்தாள் காய்ச்சலில் படுத்தவள் எழுந்தபாடில்லை. சமையல், இரண்டு மாடு, பால், நடுவில் இலக்கணம். நடந்துகொண்டே தூங்கினாள் அந்தப் பெண். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவள் நான்.

கொல்லங்கோட்டு இந்துவும் அவளும் ஒரே வகுப்பு. இருவருக்கும் ஓர் ஏற்பாடு. ஒருத்திக்கு முடியாவிட்டால் மற்றவள் அவள் பாஸ்வேர்டில் நுழைவாள். கேமராவை அணைத்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘ஆஜர்’ சொல்வாள். ஊருக்கே சளி, குரலை யார் சந்தேகப்படுவார்கள்?

இந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். பதினோரு நாளாகத் தன் அம்மா போனில் செல்வப்பிரியாதான் இந்து.

“பதினொண்ணு ஆச்சு புள்ள. எனக்கு எப்ப ஆஜர் சொல்லுவ?” போனில் கேட்டாள் செல்வப்பிரியா.

“எந்திரிச்சு வந்து சொல்றேன்டி.” மூச்சு வாங்கியது இந்துவுக்கு.

மறுநாள் 2021 மே 25, செவ்வாய். காலையிலிருந்து கரண்ட் இல்லை. அம்மா போன் அணைந்துவிட்டது. செல்வப்பிரியாவின் போனில் இரண்டு சதவீதம் சார்ஜ். மணி 1.50. வகுப்பு இரண்டுக்கு. இன்னும் ஒரு நாள் தவறினால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். இரண்டு வருடமும் வீண்.

சுவரில் சாய்ந்தாள். பத்து நிமிடம்தானே...

பால் வண்டியின் ஹாரன் எழுப்பியது. அது வருவது 3.20க்கு.

போன் அணைந்து கிடந்தது.

ஆனால் சுட்டது...

4.10. கரண்ட் வந்தது. அழுதுகொண்டே கற்பகம் டீச்சரை அழைத்தாள். ஸ்பீக்கரில். நான் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தேன். காதை மூடிக்கொள்ளவா முடியும்?

“டீச்சருங்க... தூங்கிட்டனுங்க...”

“தூங்கினியா? 2.04க்கு ஆஜர் சொன்னியே!”

“...நானுங்களா?”

“மூக்கடைச்ச குரல்ல. உனக்கும் காய்ச்சலா? இந்துதான் இன்னிக்கு வரல.”

4.31. இந்துவின் போனுக்கு அடித்தாள். எடுத்தது இந்துவின் அண்ணன் கோகுல்நாத்.

“போயிட்டா புள்ள.”

“எப்பங்ண்ணா?”

“மத்தியானம். ஒண்ணே முக்காலுக்கு.”

செல்வப்பிரியா பரீட்சை எழுதினாள். தேறினாள். ஊரடங்கு தளர்ந்ததும் கொல்லங்கோட்டுக்குத் துக்கம் கேட்கப் போனாள். துணைக்கு நான். தனியாக விடுவேனா?

“கடைசியா மூஞ்சி பாத்தீங்களா தம்பி?” என்று கோகுல்நாத்திடம் நான்தான் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

“கண்ணாடி வழியாக் காட்டுனாங்க. ரெண்டு மணி இருக்கும்...”

செல்வப்பிரியா என் கையைப் பிடித்தாள்.

“அப்பத்தான் மூக்குல பஞ்சு வெச்சுட்டிருந்தாங்க.”