வேலியோரத்து ஆறுமணிக்குருவி

நான் எழுதிய முதல் நாட்குறிப்பு வேவு பார்த்து எழுதியது. அப்போது நான் ஒன்பது வயதுச் சிறுமி. எழுதச் சொன்னவர் ஐயா, என் தகப்பனார். யாரைப் பற்றி என்றால், மாமா, அம்மாவின் ஒரே தம்பி. நாற்பது பக்கக் கொப்பி, அதில் பதினேழு பக்கம் நிரம்பியிருக்கிறது. இன்னும் என்னிடம் பத்திரமாக உண்டு.

மாமா மலாயாவில் ரெயில்வேயில் வேலை பார்த்தவர். முப்பதுகளின் நடுவில் ஒரு புரட்டாதியில், சொல்லாமல் கொள்ளாமல் புத்தூருக்குத் திரும்பிவிட்டார். கையில் ஒரு தகரப் பெட்டியும் ஒரு கமராவும். தலை நரைத்துப் பென்சனோடு வருபவர்களை ஊர் கண்டிருக்கிறது. தலை நரைக்காமல், பென்சனும் இல்லாமல் வந்தவரை அது சும்மா விடவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் மாமா, "வேலை சரிவரேல்லை" என்றார். அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை.

எங்கள் வளவுக்கு அடுத்த காணி மாமாவின் பங்கு. அதிலிருந்த சிறு வீட்டில் அவர் குடியிருந்தார். இரண்டுக்கும் நடுவே வேலி. அவர் மலாயாவில் இருந்தபோது, முந்திய வருஷ மழைக்கு, ஐயா அந்த வேலிக்குப் புதுக் கதியால்கள், நட்டால் துளிர்க்கும் தடிகள், நட்டிருந்தார். அந்த நடுகையில் வேலி மாமாவின் பக்கம் ஒரு முழம் நகர்ந்திருந்தது. இதை நான் வெகுகாலத்துக்குப் பிறகே அறிந்தேன். வாசிப்பவர் இப்போதே அறிந்துகொள்வது நல்லது.

வந்த மூன்றாம் நாள் மாமா தன் கமராவை அந்த வேலிப் பக்கம் திருப்பினார்.

"குருவியைப் படம் பிடிக்கிறானாம்," என்றார் ஐயா. "ஊரிலை குருவிக்கோ பஞ்சம்? எங்கடை வேலிதான் கிடைச்சுதோ உவனுக்கு? பிள்ளை, நீ போய்ப் பக்கத்திலை இரு. உவன் எங்கை பாக்கிறான், என்ன கேக்கிறான், எல்லாத்தையும் எழுதிக்கொண்டு வா."

அம்மா அடுப்படியிலிருந்து, "என்ரை தம்பியை வேவு பாக்கப் பிள்ளையையோ அனுப்புறியள்?" என்றா.

"கோட்டிலை நீதவானுக்குப் படத்தைக் காட்டினாப் பிறகு கதைச்சு வேலையில்லை. நீ சும்மா இரு."

நான் போய் இருந்தேன். மாமா கமராவை ஓலைக்குள் மறைத்து, அதன் விசையில் நூல் கட்டி, பத்து முழம் தள்ளி வாழைக்குப் பின்னால் குந்தியிருந்து இழுப்பார். கதியாலில் வந்து குந்தும் மீன்கொத்தியும் கிளியும் அப்படித்தான் அகப்பட்டன. சுருள் முடிந்ததும் பட்டினத்துக்குப் பஸ் ஏறிப்போய்ப் படமாக்கிக்கொண்டு வருவார். படத்தில் எல்லாம் கறுப்பும் வெள்ளையும். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்பார். என் கொப்பியில் உள்ளபடி:

'மாமா: மீன்கொத்தியின்ரை தலை என்ன நிறம்? நான்: மண்ணிறம். மாமா: சொண்டு? நான்: சிவப்பு.'

அவற்றைப் படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிக்கொள்வார். என் கெட்டித்தனத்தைச் சோதிக்கிறார் என்று நான் நினைத்துப் பெருமைப்பட்டேன். ஐயா அப்படி நினைக்கவில்லை.

"ஏன், உவனுக்குக் கண் குருடோ? நிறம் கேக்கிற சாட்டிலை வேறை என்னவோ பிடுங்கப் பாக்கிறான்."

ஐப்பசி மழையோடு ஆறுமணிக்குருவி வந்தது. காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் கூப்பிட்டுவிட்டு, வேலியடிச் சருகைக் கிளறிப் புழுத் தின்னும். நிலத்திலேயே தத்தித் திரியும். அதை எடுப்பதற்கு மாமா பன்னிரண்டு நாள் காத்திருந்தார். குருவி கண்முன்னே நிற்கும்போதும் அவருக்கு அது பிடிபடவில்லை. ஒரு காலை, என் காதோடு கேட்டார்:

"பிள்ளை, எந்தக் கதியாலடியிலை பச்சை, எதிலை பழுப்பு? சொல்லு பாப்பம்."

நான் கைகாட்டிச் சொன்னேன். நூலை இழுத்தார். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் அதையும் வாசித்துக் காட்டினேன். ஐயா புட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"எந்தக் கதியால் புதுசு, எது பழசெண்டு கேட்டிருக்கிறான்," என்றார் அம்மாவிடம். "நான் சொன்னனானெல்லோ?"

மறுநாள் மாமா சுருளோடு பட்டினத்துக்குப் போனார். பஸ் போன கையோடு ஐயா இரண்டு ஆட்களைப் பிடித்து வேலியைப் பிடுங்கினார். பற்றையை வெட்டி, சருகைக் கூட்டிக் குவித்து, வேலியைப் பழைய எல்லைக்கே கொண்டுவந்து நட்டார். பயத்தில் நாலு விரல் நிலம் கூடவே விட்டுக்கொடுத்திருந்தார்.

பின்னேரம் மாமா படங்கள் போட்ட ஒரு கடித உறையோடு வந்து நின்றார்.

"என்ன அத்தான் உது?"

"உன்ரை காணி உன்னட்டை வந்திட்டுது. இனிக் கோட்டுக்குப் போகத் தேவையில்லை."

"என்ரை காணியோ? நான் கேட்டனானோ?"

"என்னைக் கேக்கேல்லை. பிள்ளையைக் கேட்டனி. எந்தக் கதியால் பச்சை, எது பழுப்பெண்டு. வாசிச்சுக் காட்டட்டோ?"

மாமா என்னைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த கொப்பியைப் பார்த்தார். ஏன் கேட்டார் என்பதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். "அந்தக் குருவி இனி உங்கை வராது," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு என்னோடு அன்பாகத்தான் இருந்தார். பள்ளிக்கூடக் கதை கேட்பார், நெல்லிக்காய் தருவார். நிறம் மட்டும் கேட்கவில்லை. ஆறுமணிக்குருவியின் ஆறு நிறங்களையும் நான் முன்கூட்டியே கொப்பியில் வரிசையாக எழுதிவைத்துக் காத்திருந்தேன்.

போன மாதம் என் மூத்த மகன் ரெயில்வே வேலைக்குக் கண் சோதிக்கப் போனான். புள்ளிகளுக்குள் எழுதியிருந்த இலக்கம் அவனுக்குத் தெரியவில்லை. சிவப்பும் பச்சையும் பழுப்பும் அவனுக்கு ஒன்றுதானாம். டொக்டர் என்னைக் கேட்டார்: "தாய்வழியிலை ஆருக்கும் உப்பிடி இருந்ததோ?"

வீட்டுக்கு வந்து கொப்பியை எடுத்துப் பதினேழு பக்கத்தையும் வாசித்தேன். மாமா பச்சை கேட்டிருக்கிறார், சிவப்புக் கேட்டிருக்கிறார், மண்ணிறம் கேட்டிருக்கிறார். மீன்கொத்தியின் முதுகு நீலம், அதை ஒருநாளும் கேட்கவில்லை. மலாயாவில் எந்தச் சிக்னல் விளக்கின் முன் நிறுத்தி அவரைச் சோதித்தார்களோ தெரியாது. 'வேலை சரிவரேல்லை' என்பது பொய்யல்ல.

மாமா இறந்தபின் அவருடைய தகரப் பெட்டி எனக்கு வந்தது. ஆறுமணிக்குருவிப் படமும் அதில் இருக்கிறது. குருவி தெளிவாக விழுந்திருக்கிறது, வேலி விழவே இல்லை. திருப்பிப் பார்த்தால், 'செட்டையில் நீலம்' என்று ஒரே வரி. மற்ற ஐந்தையும் கேட்டு எழுத அவருக்கு ஆள் இருக்கவில்லை.