ஆடியில் நின்ற வண்டி

புயல் மழையில் புதுச்சேரித் தெருக்களில் படகு விட்டார்களே, அதற்கு அடுத்து வந்த ஆடி மாதம். மூன்றாம் வெள்ளிக்கிழமை. அம்மன் கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. குருசுக்குப்பத்தில் என் மெக்கானிக் ஷெட்டில், ஒரு சின்ன மோட்டார் சைக்கிளுக்கு மெழுகு போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். மீன்கார அஞ்சலை கூடையை இறக்காமலே சொன்னாள்:

"அண்ணே, முசியே பூட்டாருண்ணே. தூக்கத்துலயே."

நான் துடைத்துக்கொண்டிருந்தது அவருடைய வண்டியைத்தான்.

முசியே அந்துவான் அவர்களைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். நான் வேலை பார்த்த மில்லில் மூன்று ஷிப்டும் ஓடிய காலம். முசியே தனக்குக் கல்யாணமான புதிதில், கப்பலில் வந்த ஒரு மரப்பெட்டியை நடுத்தெருவில் வைத்துப் பிரித்தார். உள்ளே முழங்கால் உயரத்துக்கு ஒரு மோட்டார் சைக்கிள். சக்கரம் சல்லடை அளவுதான். கைப்பிடியை மடக்கினால் கார் டிக்கியில் அடங்கிவிடும். மனைவி மதாம் தெரேஸைப் பின்னால் இடுக்கி உட்காரவைத்து, தன் முட்டி இரண்டும் மார்பில் இடிக்க, கடற்கரை வரை போய்வந்தார். தெருவே சிரித்தது.

"முசியே, நீ அத ஓட்றியா, அது உன்ன சுமக்குதா?" என்று கேட்டது என் அண்ணன்.

"ஏறிப் பாத்துட்டுப் பேசுடா" என்று அவனையும் ஏற்றிக்கொண்டு போனார். நான் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடிவிட்டேன்.

சில வருடம் ஓட்டினார். பிஸ்டன் ரிங் உடைந்தது. செய்த கம்பெனியே மூடிவிட்டதால் சாமான் கிடைக்கவில்லை. மாடிப்படிக்கு அடியில் சாக்குப் போட்டு மூடியதுதான். மில்லையும் மூடினார்கள், நான் மெக்கானிக் ஆனேன், என் அண்ணன் காலமானான், வண்டி அங்கேயே கிடந்தது. அந்தப் புயலில் படிக்கு அடியில் தண்ணீர் ஏறியபோதுதான் வெளியே இழுத்தார். துருவும் சேறுமாக என் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார்.

"ஏகாம்பரம், மூச்சு இருக்கா பாரு."

"இத எங்கிட்ட காட்டக்கூடாது முசியே. பேரீச்சம்பழக்காரன் கிட்ட காட்டணும்."

"உன்னயும் சேத்துப் போட்டா கூட ஒரு கிலோ குடுப்பான்" என்றார்.

அன்று முதல் தினமும் காலையில் வந்துவிடுவார். இஸ்திரி போட்ட சட்டை, தொப்பி, கையில் சூடான நீள ரொட்டி. பாதியைப் பிய்த்து எனக்குத் தருவார். டீயில் தோய்த்துத் தின்போம். நான் இறுகிப்போன எஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தேன். மொபெட் பிஸ்டன் ஒன்றை லேத்தில் கொடுத்துச் சீவி அளவாக்கினேன். அவர் முக்காலியில் உட்கார்ந்து, டாங்கியை உப்புத்தாளால் தேய்த்தபடி பட்டாளத்துக் கதை சொல்வார். என் மனைவி போன பிறகு, அந்த ஷெட்டுக்கு எனக்காக வந்த மனிதர் அவர் ஒருவர்தான்.

ஆனி மாதத்தில் எஞ்சின் ஸ்டார்ட் ஆனது. முசியே தொப்பியைக் கழற்றினார். "அதே குரல்யா" என்றார். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி, மெடல்களைக் குத்திக்கொண்டு, அந்த வண்டியிலேயே கடற்கரைக்குப் போக வேண்டும் என்றார்.

நான் அடித்திருந்த பெயிண்டைக் காட்டினேன். "செகப்பு சரியில்ல முசியே. ஆரஞ்சு அடிக்குது."

"செகப்பு செகப்புதான்யா. எந்த ஜெனரல் வந்து பாக்கப்போறான்?"

நான் கேட்கவில்லை. சுரண்டி மறுபடி அடித்தேன். பதினாலாம் தேதி அவர் மெடல்களோடு ஆட்டோவில் போனார். பெயிண்ட் காய்வதற்குள் ஆடி பிறந்துவிட்டது.

"ஆடியில புது வண்டி எடுக்கக்கூடாது. ஆவணி பொறக்கட்டும், எலுமிச்சம்பழம் வெச்சு எடுப்போம்" என்றேன்.

"சர்ச்சுக்குப் போற வேதக்காரனுக்கு ஏதுய்யா ஆடி? அதுவும் இது எங்க புது வண்டி? உன் மீசைய விடப் பழசு."

"உள்ள பிஸ்டன் புதுசு முசியே."

என் முகத்தைப் பார்த்தார். "சரி, பிஸ்டனுக்கு ஆடி" என்று சொல்லி ரொட்டியைப் பிய்த்தார்.

அந்த ஆடியைத்தான் அவர் தாண்டவில்லை.

அவர் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் மதாம் நின்றிருந்தார். "நான்தான் மதாம் நிறுத்தி வெச்சேன். வண்டி எப்பவோ ரெடி" என்றேன்.

"தெரியும் ஏகாம்பரம். அவருக்கும் தெரியும். 'ஆடியுமில்ல ஒன்னுமில்ல தெரேஸ், வண்டி முடிஞ்சா நான் ஷெட்டுக்கு வரமாட்டேன்னு பயப்படுறான். இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்'னு சொன்னாரு."

அவரை ஏமாற்றிவிட்டோம் என்று அழுதுகொண்டு போனவன் நான். அவர் ஏமாறவில்லை. தெரிந்தே எனக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார். தன் கடைசி மாதத்தை.

மறுநாள் அவரைக் கல்லறைக்கு எடுத்தபோது, எலுமிச்சம்பழம் வைக்காமல், ஆடியிலேயே வண்டியைக் கிளப்பினேன். அவர் மறுபடி ஏறாத வண்டியில் நான் ஏறவில்லை. எஞ்சின் ஓட ஓட, கையால் பிடித்து உருட்டிக்கொண்டு கடற்கரைச் சாலை வழியாகப் பெட்டிக்குப் பின்னால் நடந்தேன். அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே போனார் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். போய்வாருங்கள், முசியே.

இனி அந்த வண்டி யாருக்கு என்று தெருவில் கேட்கிறார்கள். நாளைக் காலை, ஆடி முடிவதற்குள், துடைத்துக் கொண்டுபோய் அவர் வீட்டு வாசலில் நிறுத்தப்போகிறேன். அதில் ஏறிப் போனவர்களில் முசியே இப்போது உயிரோடு இல்லை. என் அண்ணனும் இல்லை. இருப்பவர் ஒருவர்தான்: மதாம் தெரேஸ்.