தீவு டாக்டரின் ஒரே வைத்தியம்

என்னை டாக்டராக்கியது கல்லூரி இல்லை, அப்பா. பெங்களூர் விமான நிலையத்துக்கு நான் வேன் ஏறிய அன்றே எங்கள் ஊர் மூக்கண்டப்பள்ளியில் டாக்டரம்மா ஆகிவிட்டேன். பட்டம் முதலில், படிப்பு அப்புறம். கல்லாவியில் இருந்த பூர்வீக நிலத்தை விற்று என்னை அனுப்பியவருக்கு அந்த அவசரம் இருக்கத்தானே செய்யும்.

என் மதிப்பெண்ணுக்கு உள்ளூரில் எந்தக் கல்லூரியும் இடம் தரவில்லை. ஓர் ஏஜென்ட் வழவழப்பான புத்தகம் ஒன்றைக் காட்டினார். அதில் கடல், தென்னை மரம், வெள்ளைக் கோட்டில் சிரிக்கும் நாலு பேர். ஆஸ்பத்திரி எங்கே என்று அப்பா கேட்கவே இல்லை. அந்தத் தீவில் போய் இறங்கினால், மூடிப்போன ஓட்டல் ஒன்றுதான் கல்லூரி. நீச்சல் குளத்தில் தண்ணீர் இல்லை, உடற்கூறு வகுப்பில் பிணம் இல்லை. ஒரு பிளாஸ்டிக் பொம்மையின் ஈரலை எடுத்துத் திரும்ப வைக்கப் பழகினோம். வைத்த பிறகு வயிறு மூடாது. நோயாளிகளையெல்லாம் மூன்றாம் வருடம் வேறு நாட்டில் பார்க்கலாம் என்றார்கள். எந்த நாடு என்று அவர்களுக்கே தெரியவில்லை.

ஊரில் எங்கள் வாடகை வீட்டின் சொந்தக்காரம்மா தெலுங்குக்காரர். விடுமுறைக்கு வந்தபோது அவரிடம் மட்டும் இதைச் சொன்னேன். “பேரு பெத்த பேரு, தாக நீலு லேது” என்று விழுந்து விழுந்து சிரித்தார். பேர் பெரிய பேர், குடிக்கத்தான் தண்ணீர் இல்லை. கல்லூரி வாசலில் எழுதிப் போட வேண்டிய வாசகம்.

இரண்டாம் வருட விடுமுறையில், ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், அப்பா எனக்கு வெள்ளைக் கோட்டை மாட்டி முன்னறையில் உட்கார வைப்பார். தெருவில் பாதிப் பேர் வரிசையில் நிற்பார்கள். வாரம் முழுக்க, அப்பா வேலை பார்க்கும் கம்பெனியின் மெஷினில் ஒரு நட்டு லூசாக இருந்தால்கூட மெக்கானிக்கைத் தேடி ஓடுகிறவர்கள், தங்கள் உடம்பை மட்டும் யாரிடம் வேண்டுமானாலும் நீட்டினார்கள். நான் பிரஷர் பார்ப்பேன். எல்லோருக்கும் உப்பைக் குறைக்கச் சொல்வேன். அப்பா பக்கத்தில் நின்று தலையாட்டுவார்.

அப்படி ஒரு ஞாயிறு காலையில் அப்பாவின் ஃபோர்மேனைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது, முகத்தில் ரத்தமே இல்லை. அவர் மனைவி திருநெல்வேலிப் பக்கம்.

“காலையிலேருந்து நெஞ்ச அடைக்குன்னு சொல்லுதாக டாக்டரம்மா.”

“வாயுதான் சார்,” என்றார் அப்பா. “எங்க பாப்பா ஒரு ஊசி போட்டா சரியாப் பூடும்.” பிறகு என் காதருகே குனிந்து, “தெரியலன்னு மட்டும் சொல்லிடாத. மானம் போயிடும்” என்றார்.

அந்த மனிதர் செத்துவிடுவார் என்று பயந்தேன். அதைவிட, அவர் கண்ணெதிரே செத்துக்கொண்டிருக்கும்போதும் மானத்தைப் பற்றிப் பேசும் அப்பாவைப் பார்த்து அருவருப்பாக இருந்தது. கோட்டைக் கழற்றி வீசினேன்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது! நான் டாக்டரே இல்ல! உயிரோட ஒரு நோயாளியக்கூட இன்னும் தொட்டதில்ல! பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க!”

தெருவே கேட்டது. தெருமுனையில் கம்பெனி வேன் நின்றிருந்தது. அதில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். அப்பா உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

ஃபோர்மேன் பிழைத்துவிட்டார். மாரடைப்பாம்; இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டமாம். அவர் மனைவி ஆப்பிள் கூடையோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “மத்தவுகன்னா ஒரு ஊசியக் குத்தி வீட்டுக்கு அனுப்பியிருப்பாக. நீங்க பாத்ததுமே கண்டுபிடிச்சிட்டியளே!” நான் கத்திய அத்தனையும் அந்தம்மா காதில் விழுந்திருந்தது. வேறு எந்த வார்த்தையும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை, பெங்களூர் மட்டும் போதுமாக இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

அடுத்த ஞாயிறு வரிசை இரட்டிப்பானது. அப்பா கோட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டு நீட்டினார்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னேனே அப்பா?”

“தெரியும் பாப்பா, எனக்கு மொதல்லயே தெரியும்,” என்றார். “போட்டுக்க. எப்படியும் பெங்களூருக்குத்தானே அனுப்பப் போற?”