டீச்சருக்கு இன்னொரு சர்டிபிகேட்

பதினோரு வருடம் பாடம் எடுத்தவளைக் கூப்பிட்டு, "நீங்க இன்னும் கொஞ்சம் படிக்கணும்" என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? டீச்சருக்கு மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் சொன்ன பள்ளி மேலாளர் சிரித்த முகமாகச் சொல்லிவிட்டார். சிரிக்கிற மனிதரிடம் எந்த முனையைப் பிடித்துச் சண்டையை ஆரம்பிப்பது?

பிழைப்புத் தேடி வேறு வேறு நாடுகளிலிருந்து வந்த பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் பள்ளி அது. டீச்சரும் அப்படி வந்து சேர்ந்தவள்தான். நான்கு வாரப் பயிற்சியில் வாங்கிய ஒற்றைச் சான்றிதழை வைத்து இத்தனை காலம் ஓட்டியிருந்தாள். இனி அது ஆரம்ப வகுப்புக்கு மட்டும்தான் செல்லுமாம். ஆறு மணி வகுப்பு வேண்டுமென்றால் மாதக் கடைசிக்குள் ஏதாவது ஒரு மேற்படிப்பில் இடம் கிடைத்த கடிதத்தைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வகுப்பு வேறொருவருக்குப் போய்விடும்.

ஆறு மணி வகுப்பில் இருபது பேர். ஒரு வெல்டர், ஒரு பஸ் டிரைவர், முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மாள், பேக்கரிக்காரர் ஒருவர், இப்படி. மூன்று வருடத்துக்கு முன்னால் பெயரைக் கேட்டால்கூட விழித்தவர்கள். அவர்களைத் தூக்கி இன்னொருத்தர் கையில் கொடுப்பதாவது! 

சரி, படித்துத் தொலைக்கலாம் என்றால் எதைப் படிப்பது? டிப்ளமா என்றால் ஒரு வருடம். ஆள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாடம் நடத்துவதைப் பார்த்து மார்க் போடுவார். முதுகலை என்றால் இரண்டு வருடம். வீட்டிலிருந்தே கட்டுரை எழுதி அனுப்பலாம், யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பள்ளி ஒப்புதல் கொடுப்பது ஒரு படிப்புக்குத்தான். இதற்கு அனுப்பினால் அது ரத்து. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

வீட்டுக்காரர் கிடங்கில் சரக்கு இருப்புப் பார்க்கிறவர். பட்டியல் போடாமல் பல்கூடத் துலக்க மாட்டார். இரண்டு படிப்பையும் கட்டம் கட்டி, வண்ணம் அடித்து, கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

"முதுகலைக்கு எழுபத்தெட்டு மார்க். டிப்ளமாவுக்கு எழுபத்தொண்ணு."

"யாரு போட்ட மார்க்கு?"

"நான்தான். பயண நேரம், வேலை வாய்ப்பு, மன அமைதி, எல்லாத்துக்கும் தனித்தனியா போட்டிருக்கேன்."

"இந்தப் பட்டியலை மூடினீங்கன்னா மன அமைதிக்குப் பத்துக்குப் பத்து."

அக்கா போனில் வந்தாள். அக்காவுக்கு எல்லா விஷயத்திலும் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். "ஏண்டி, முதுகலைன்னா நாலு பேர்கிட்ட சொல்லிக்கலாம். டிப்ளமான்னா டைப்பிங்கான்னு கேப்பாங்க." டீச்சர் போனை வைத்துவிட்டாள்.

உண்மையைச் சொன்னால் அவளுக்குப் பயம். பதினோரு வருடத்தில் ஒருவரும் அவள் பாடத்தை உட்கார்ந்து பார்த்ததில்லை. வெளியே மட்டும் "டிப்ளமாவுக்கு எங்க நேரம்?" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில், இரண்டு பேரும் முதுகலை முதுகலை என்று அரித்ததாலேயே பிடிவாதம் பிடித்து டிப்ளமாவுக்கு விண்ணப்பித்தாள். வீட்டுக்காரர் விடுகிறவரா? முதுகலைப் படிவத்தையும் நிரப்பி, பட்டனை அழுத்துவது ஒன்றுதான் பாக்கி என்று வைத்துக்கொண்டார். வியாழக்கிழமை மாலை ஏழரை மணியோடு அந்த விண்ணப்பத்துக்குக் கெடு முடிகிறது.

அதே வியாழக்கிழமைதான் டிப்ளமாக்காரர்கள், இடம் கொடுப்பதற்கு முன்னால் மாதிரிப் பாடம் பார்க்க ஆள் அனுப்பினார்கள். தன்னைப் பார்த்து மார்க் போட ஆள் வருவதை டீச்சர் வகுப்பிலும் சொல்லி வைத்திருந்தாள். டீச்சர் பதினான்கு பக்கத்துக்குத் திட்டம் எழுதினாள். குழாய் ஒழுகுகிறது, வீட்டுச் சொந்தக்காரருக்குப் போன் போட்டுப் புகார் சொல்ல வேண்டும், அதுதான் பாடம். எத்தனையாவது நிமிடத்தில் மாணவர்கள் எங்கே தடுமாறுவார்கள், தடுமாறினால் எப்படிக் கைகொடுப்பாள், எல்லாம் அதில் இருந்தது.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஷிப்ட் வேலைக்காரர்கள் நேரத்துக்கு வர மாட்டார்கள் என்று பாடத்தாளை இரண்டு நாள் முன்பே வகுப்பின் போன் குழுவில் போட்டுவிடுவாள். ஒரு ஜென்மமும் திறந்து பார்க்காது. அந்தச் செவ்வாய்க்கிழமையும் கை தானாகவே போட்டுவிட்டது.

பார்வையாளர் அம்மாள் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டிக்கொண்டு கடைசி பெஞ்சில் அமர்ந்தார். வெல்டர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தபோதே டீச்சருக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். ஏழாவது நிமிடம் தடுமாற வேண்டிய இடத்தில் யாரும் தடுமாறவில்லை. பதினைந்தாவது நிமிடமும் இல்லை. டீச்சர் கேள்வியை முடிப்பதற்குள் டிரைவர் பதிலை முடித்தார். முதியோர் இல்லத்து அம்மாள் ஒழுகும் குழாயைப் பற்றி வக்கீல் மாதிரி வாதாடினார். கைகொடுக்கத் தயாராக வந்தவளுக்குக் கொடுக்க ஒரு கைகூடக் கிடைக்கவில்லை. ஒரு மணி நேரமும் முதுகில் வியர்வை வழிய நின்றாள்.

ஏழு மணிக்கு, நடைவழியில் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில், பார்வையாளர் மெதுவாகச் சொன்னார்.

"ரொம்ப நல்லா பேசுறாங்க. ஆனா இந்த ஒரு மணி நேரத்துல உங்ககிட்ட என்ன கத்துக்கிட்டாங்க? எல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருக்கே. வகுப்போட தரம் தெரியாம பாடம் எடுத்திருக்கீங்கன்னுதான் நான் எழுத முடியும்."

"தரம் தெரியாமலா? நானா?"

"அடுத்த வியாழக்கிழமை இன்னொரு தடவை வர்றேன். அதுக்கு மேல வாய்ப்பு இல்லைம்மா."

டீச்சர் கதவைத் தள்ளிக்கொண்டு வகுப்புக்குள் போனாள். எட்டு மணி வரை வகுப்பு இருந்தது. இருபது பேரும் பரிசு வாங்கப் போகிறவர்கள் போல் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அங்கே ஆளுக்கொரு தாய்மொழி, எல்லாருக்கும் பொது ஆங்கிலம் ஒன்றுதான். பேச்சை மட்டும் நம் வசதிக்குத் தமிழில் சொல்கிறேன்.

"யாரு இதெல்லாம் முன்னாடியே படிக்கச் சொன்னது?"

"நீங்கதானே டீச்சர் அனுப்பினீங்க?" என்றார் டிரைவர்.

"மூணு வருஷமா அனுப்புறேன்! ஒரு நாளாவது ஒருத்தராவது திறந்து பாத்திருக்கீங்களா?"

"மத்த நாள் எங்களுக்குப் பாடம்," என்றார் முதியோர் இல்லத்து அம்மாள். "இன்னைக்கு உங்களுக்குப் பரீட்சை. அதான் ரெண்டு நாளா பேக்கரியில உக்காந்து எல்லாரும் படிச்சோம்."

பாவிகளா! திட்டவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. நல்லது செய்கிறோம் என்று நினைத்துத் தலையில் கல்லைப் போட்டிருக்கிறார்கள். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னாள்.

"அடுத்த வாரம் மறுபடி வர்றாங்க. பாடத்தாள் வராது. யாரும் எதையும் படிக்கக் கூடாது. தப்பு வந்தா வரட்டும். அந்தம்மாவுக்கு அதுதான் வேணும்."

வெல்டர் கையைத் தூக்கினார்.

"ஆளுக்கு எத்தனை தப்பு டீச்சர்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் பிரளயம் கிளம்பிவிட்டது. ஆளுக்கு மூன்று என்றார் பேக்கரிக்காரர். அறுபது தப்பு அதிகம் என்றார் டிரைவர். "எல்லாரும் ஒரே நேரத்துல பண்ணினா அந்தம்மாவுக்குச் சந்தேகம் வராதா? வரிசையா வாங்க." முதியோர் இல்லத்து அம்மாள் மேஜையைத் தட்டினார். "என்னால முடியாது. மூணு வருஷம் கஷ்டப்பட்டு விட்ட தப்பை மறுபடி எங்க போய்த் தேடுறது?" "என்கிட்ட நிறைய இருக்கு, நான் தர்றேன்" என்றார் வெல்டர்.

டீச்சர் கத்தப் போனவள், அப்படியே நின்றாள். மூன்று வருடமாக, "ஒருத்தருக்கொருத்தர் பேசுங்க" என்று தொண்டை வறளச் சொல்லியிருக்கிறாள். ஒரு வாக்கியம் பேசிவிட்டு சரியா என்று அவள் முகத்தைப் பார்ப்பார்கள், அதோடு பேச்சு செத்துவிடும். இப்போது ஒருவர்கூட அவளைப் பார்க்கவில்லை. உடைந்ததும் ஒட்டியதுமாக ஆங்கிலம் நாலா பக்கமும் பறந்தது. ஒருவர் விட்ட சொல்லை இன்னொருவர் எடுத்துக்கொடுத்தார், சண்டை நிற்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்வையாளர் அம்மாளின் கார் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"மணி ஏழு இருபத்தஞ்சு. என்னாச்சு? பாஸா?"

"இல்ல. அடுத்த வாரம் இன்னொரு தடவை."

"நான்தான் சொன்னேனே. முதுகலைக்கு அனுப்பிடட்டுமா? விரல் பட்டன் மேலயேதான் இருக்கு."

"எடுங்க விரலை."

"ஏய், அடுத்த வாரமும் இப்படியே ஆச்சுன்னா வகுப்பே போயிடும்!"

"போகும். தெரியும். முதுகலைக்காரங்க யாரும் இவங்களைப் பாக்க வர மாட்டாங்க. இந்தம்மா வருவாங்க. வந்து பாக்கட்டும். போனை வைங்க, இங்க தப்பு பத்தாம சண்டை நடக்குது."