முட்டைச் சக்கரம் வைத்த சைக்கிள்

சித்தப்பா கொண்டுவந்த சைக்கிளின் பல்சக்கரம் வட்டமாக இல்லை என்பதைக் கண்டுபிடித்தது நான்தான். மற்றவர்கள் அதன் நீலப் பெயிண்டையும் மினுமினுத்த ஹேண்டில்பாரையும் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தபோது, இதில் ஏதாவது குறை அகப்படாதா என்று குனிந்து தேடிக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். பொறாமைக்காரியின் கண்ணுக்கு உள்ள கூர்மை வேறு யார் கண்ணுக்கும் கிடையாது. பெடல் மாட்டியிருந்த அந்தச் சக்கரம் கோழிமுட்டை மாதிரி நீண்டிருந்தது.

"ஐயே, சக்கரம் நசுங்கிக் கீது!" என்று கத்தினேன். அத்தனை சந்தோஷம் எனக்கு.

சித்தப்பா சிரித்தார். "நசுங்கல புள்ள, அதான் அதோட விசேஷமே" என்று சொல்லிப் பெடலைச் சுற்றிக் காட்டினார். கால் மேலேயும் கீழேயும் இருக்கும்போது மிதிக்கத் தெம்பு இருக்காதாம். அப்போது சக்கரத்தின் ஒடுங்கின பக்கம் வந்து வேலையை லேசாக்கிவிடுமாம். கால் அழுத்தி மிதிக்கிற இடத்தில் நீண்ட பக்கம் வந்து வண்டியைத் தள்ளுமாம். வெளிநாட்டில் பந்தயம் ஓட்டுகிறவர்கள் இப்படித்தான் வைத்துக்கொள்கிறார்களாம். ஆக, நான் கண்டுபிடித்த குறையும் பெருமையாகிவிட்டது. வயிறு எரிந்தது.

சைக்கிள் சித்தப்பாவின் மகளுக்கு. அவளும் நானும் ஒரே வயது, ஒரே வகுப்பு, பக்கத்துப் பக்கத்து வீடு. அவளுடைய அப்பா சரக்குக் கப்பலில் வேலை செய்தார். எப்போதாவது வருவார். வரும்போதெல்லாம் மணக்கிற சோப்பு, தலைமுடி வைத்த பொம்மை, அழுத்தினால் எரிகிற பேனா என்று ஏதாவது இருக்கும். என் நைனா தினமும் வீட்டுக்கு வருவார். அவர் கொண்டுவருவது இறால், நண்டு, முழங்கால் வரை ஒட்டிய ஏரிச் சேறு. எங்கள் ஊர் கோட்டைக்குப்பத்தைத் தாண்டி அவர் போன அதிகத் தூரம் பொன்னேரி ஆஸ்பத்திரி. கப்பலில் போகாத ஒரு மனிதருக்குப் பிள்ளையாகப் பிறந்துவிட்டேனே என்று நான் மனசுக்குள் குறைபட்டுக்கொண்ட காலம் அது.

சித்தப்பா கப்பலுக்குத் திரும்பிய பிறகு சைக்கிள் தெருவை ஆண்டது. பழவேற்காட்டில் டச்சுக்காரன் கல்லறைக்கு முன்னால்தான் அப்போது நல்ல தார்ரோடு இருந்தது. வாசலில் எலும்புக்கூட்டுச் சிலைகள் நிற்கும் அந்தக் கல்லறையைப் பார்க்கக் கேமராவோடு வருகிற வெள்ளைக்காரர்கள்கூட ஒரு நிமிஷம் நின்று அந்தச் சைக்கிளைப் பார்த்தார்கள். டச்சுக்காரன் விட்டுப்போன வண்டி என்று ஒரு பையன் கதை கட்டிவிட, அதை நம்பவும் ஆள் இருந்தது. கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தவர், "கோணிப்போச்சும்மா, தட்டி நேராக்கித் தரேன்" என்று சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் தட்டிவிட்டால் தேவலை என்று நான் சாமியை வேண்டிக்கொண்டேன். அவள் சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரே அழுகை. அவரும் பாவம் பார்த்து விட்டுவிட்டார்.

தெருப்பிள்ளைகள் எல்லோரும் சைக்கிள் கேட்டு நச்சரித்தார்கள். அப்போது நான் ஒரு யோசனை சொன்னேன். பாடு வைக்கலாம்.

எங்கள் ஏரியில் நினைத்தவர் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. பெரியவர்கள் கூடிச் சீட்டுப் போட்டு, எந்த வீட்டுக்கு எந்த நாள் எந்த இடம் என்று முறை வைப்பார்கள். அதுதான் பாடு. உங்கள் நாளில் காற்று எதிர்த்து அடித்தாலும் சரி, காய்ச்சல் வந்து படுத்தாலும் சரி, முறை போனது போனதுதான். வேண்டியவர்களுக்கு விட்டுக்கொடுக்கலாம், அவ்வளவுதான். அதே சட்டத்தைச் சைக்கிளுக்கும் போட்டோம். சட்டம் போட்டவள் நான் என்பதால் முதல் சீட்டு எனக்கு விழும் என்று ஏதோ ஒரு நம்பிக்கை. கடைசிச் சீட்டு விழுந்தது. ஒருவழியாக என் நாள் வந்தபோது விடியற்காலையிலிருந்து மழை. வாசலில் நின்று வானத்தைத் திட்டினேன். "பாடு பாடுதான்" என்று நான் சொல்லிக்கொடுத்ததையே பொடிசுகள் எனக்குத் திருப்பிச் சொன்னார்கள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் சித்தப்பா மகளின் முகத்தைப் பார்க்காமல் பெஞ்சில் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன்.

இதற்கு நடுவில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்திருந்தார்கள். சித்தி எங்கள் வீட்டு அடுப்படியில் வந்து உட்காருவாள், அம்மா அவள் தலையைத் தடவிக்கொண்டிருப்பாள், நான் போனால் பேச்சு நின்றுவிடும். சித்தப்பாவுக்குப் பம்பாயில் இன்னொரு குடும்பம் இருந்தது. அவர் இனி வரப்போவதில்லை என்று யாரோ வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அந்தச் சைக்கிள்தான் கடைசியாக அவர் கொண்டுவந்த சாமான். இதெல்லாம் எனக்குத் தாவணி போட்ட பிறகு தெரிந்த சங்கதி. அவளுக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அவளே என் பக்கத்தில் வந்தாள்.

"நாளைக்கு என் பாடு. நீ எடுத்துக்க. நாள் முச்சூடும் ஓட்டு."

"இன்னாத்துக்கு?" என்றேன். சும்மா கொடுக்கிறவளை நான் நம்புகிற ஆள் இல்லை.

"நாளைக்குப் பெரீப்பாவுக்குப் பாடு தானே. என்னிய படகுல இட்டுகினு போவச் சொல்லு. நீ கேட்டா ஒத்துப்பாரு."

அவள் பெரியப்பா என்றது என் நைனாவைத்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இறால் நாற்றமடிக்கிற படகில், வெயிலில், என் நைனாவோடு உட்காருவதற்காக நீலச் சைக்கிளைத் தருகிறாள்! இவளுக்குப் பைத்தியம்தான் பிடித்திருக்கிறது, தெளிவதற்குள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஓட்டமாக வீட்டுக்குப் போனேன்.

நைனா வாசலில் குந்தி வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் அம்மா உள்ளேயிருந்து வந்துவிட்டாள். "பாடு அன்னிக்கு எவனாவது பொட்டப்புள்ளய ஏத்துவானா? ஊர் இன்னா பேசும்?" என்றாள். நைனா என் பக்கம் திரும்பினார்.

"அதுவா கேட்டுச்சு?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமா நைனா."

கையிலிருந்த வலையில் சிக்கே இல்லை. ஆனாலும் வெகுநேரம் அதையே பிரித்துக்கொண்டிருந்தார். பிறகு, "வரட்டும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நீயும் வாயேன்" என்றார்.

அதுவரை அவர் என்னைப் பாடுக்குக் கூப்பிட்டதே இல்லை. நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "நான் வரல நைனா, எனக்குச் சைக்கிள் கீது" என்றேன்.

மறுநாள் காலையில் சைக்கிள் என் கைக்கு வந்தது. சீட்டைத் துடைத்தேன், மணியை அடித்தேன், தெருவில் எல்லோரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டேன். மிதித்தபோதுதான் சக்கரத்தின் சங்கதி புரிந்தது. சித்தப்பா சொன்னது பொய்யில்லை. கால் ஒரு இடத்தில் வழுக்கிக்கொண்டு போயிற்று, அடுத்த இடத்தில் கனத்தது. முதலில் தடுமாறினேன். பழகப் பழகக் காற்றாகப் பறந்தேன். உலகத்தில் எனக்கு மேல் ஒருத்தரும் இல்லை என்று இருந்தது.

ஏரிக்கரையோரம் திரும்பியபோது நைனாவின் படகு இன்னும் கண்ணுக்கெட்டும் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. நைனா நின்றபடி கோல் ஊன்றித் தள்ளிக்கொண்டிருந்தார். அவள் முன்பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவள் தலையில் நைனாவின் துண்டு. வெயில் படாமல் அவரே கட்டிவிட்டிருக்க வேண்டும், பின்னால் அவர் கட்டுகிற மாதிரியே முடிச்சு இருந்தது. அவர் வெறுந்தலையோடு வெயிலில் நின்றார். அவள் திரும்பி ஏதோ கேட்டாள். நைனா கோலை நிறுத்திவிட்டுச் சிரித்தார். தண்ணீரைத் தாண்டிக் கரைக்குக் கேட்கிற சிரிப்பு. அப்படி அவர் சிரிப்பார் என்று எனக்குத் தெரியாது. பிறகு கோலை அவள் கையில் கொடுத்துத் தானும் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாகத் தள்ளப் படகு அசைந்து அசைந்து அக்கரையில் இருக்கும் பசியாவரம் பக்கம் போயிற்று.

நான் மணியை அடித்தேன். இன்னும் பலமாக அடித்தேன். இருவரும் திரும்பவில்லை. படகு போகும் திசையிலேயே கரையோரம் வேகமாக மிதித்தேன். வண்டி போகவே மாட்டேன் என்றது. ரோடு முடிந்து மணல் வந்ததும் சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு ஓட்டப் பிடிக்கவில்லை. நாள் முழுக்க என்னுடையதாக இருந்த சைக்கிளை உச்சிவெயிலுக்கு முன்பே தள்ளிக்கொண்டு வந்து சித்தி வீட்டுச் சுவரில் சாத்திவிட்டேன்.

சாயங்காலம் அவள் கால் நிறையச் சேறோடு என் நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்து வந்தாள். அவளை வீட்டில் விட்டுவிட்டு நைனா என்னிடம் வந்து, வண்டி எப்படி இருந்தது என்று கேட்டார்.

"நல்லாவே இல்ல நைனா. அந்தச் சக்கரம் கோணல்தான். மிதிச்சா நெஞ்ச அடைக்குது" என்றேன்.

அவர் என்னை நம்பினார். விடிந்ததும் சைக்கிள் கடைக்காரரிடம் காட்டலாம் என்றார். அவர் நம்பியதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. என் நெஞ்சை அடைத்தது அந்தச் சக்கரம்தான் என்று நானே நம்பினேன்.