இழுத்துப் போட்ட ஃபைல்கள்

டைப்பிஸ்ட் அக்கா மவுஸைத் தொட்ட விதம் இன்றும் என் கண்ணுக்குள் நிற்கிறது. பட்டனைத் தொட்டதும் விரலை எடுத்துவிடுவார். தட்டச்சில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்த கை அது. எழுத்தை அடித்தோமா, விரலை எடுத்தோமா என்று பழகியது. பட்டனை அழுத்திப் பிடித்தபடியே ஒரு ஃபைலைத் திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுத்துக்கொண்டு போக அந்தக் கைக்கு வரவில்லை. பாதி வழியிலேயே போட்டுவிடுவார். "விட்டுட்டேன் பாப்பா" என்று என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன்.

அது தல்லாகுளத்தில் ஒரு வக்கீலின் அலுவலகம். இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். அதே தெருவில், ஒரு மாடியில், மூன்று பேர் மட்டும் இருந்த கம்ப்யூட்டர் கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வக்கீல் சாருக்காக நான் எழுதியதுதான் என் முதல் ப்ரோகிராம். ஒவ்வொரு வழக்குக் கட்டுக்கும் திரையில் ஒரு மஞ்சள் படம். அடித்து முடித்த மனுவை மவுஸால் இழுத்து அந்தப் படத்தின் மேல் போட்டால் போதும். ஃபைல் கட்டுக்குள் போய்ச் சேரும், பழைய இடத்திலிருந்து மறைந்துவிடும். டிராக் அண்ட் டிராப் அன்றைக்கு எங்களுக்குப் பெரிய வித்தை. அதை வரவழைக்க மூன்று வாரம் மண்டையை உடைத்திருந்தேன். அதனால் அக்கா ஒருநாள், "இழுக்கிறதெல்லாம் வேணாம் பாப்பா. ஒரு பட்டன் வச்சுக் குடு, அமுக்கிட்டுப் போறேன். எனக்கு அம்புட்டுப் போதும்" என்று கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. பழகினால் வந்துவிடும் என்று சொல்லிவிட்டேன். பட்டன் வைக்க அரை மணி நேரம் ஆகியிருக்காது. எம்.சி.ஏ. முடித்தவளைப் பாப்பா என்கிறாரே என்ற கடுப்பும் அதில் இருந்தது.

பதினெட்டு வருஷம் அந்த மேசையில் உட்கார்ந்தவர் அவர். தன் கையிலிருந்து ஒரு தாள்கூடக் காணாமல் போனதில்லை என்பது அவருக்குப் பெருமை. அவருக்கென்று ஒரு முறை இருந்தது. தினமும் காலையில் அடிக்கும் முதல் மனுவின் மூலையில் பென்சிலால் 1 என்று போடுவார், அடுத்ததில் 2. வக்கீல் சார் அந்த வரிசையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வருவார். மறுநாள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஒரே கட்டுக்குள் 3 என்று போட்ட தாள் இரண்டு இருந்தால் என்ன, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டும் இருக்கும். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அவர் அந்த வழக்கத்தை மாற்றவில்லை. ஃபைலுக்கு 1, 2, 3 என்றே பெயர் வைத்தார். நான் அதைத் தினம் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இரண்டாவது மாதத்தில் ஃபைல்கள் காணாமல் போக ஆரம்பித்தன. திருவாதவூரிலிருந்து ஒரு பாகப்பிரிவினை வழக்குக்காரர் முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். அன்று தாக்கல் செய்ய வேண்டிய பதில் மனுவை ப்ரிண்ட் எடுக்கப் போனால், திரையில் அவர் கட்டுக்குள் அது இல்லை. அவர் வாய்தா வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். வக்கீல் சார் என்னை வரச் சொல்லி, அக்காவை எதிரில் வைத்துக்கொண்டே, "ப்ரோகிராம்ல கோளாறா, ஆளு மேல கோளாறாம்மா?" என்று கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. பாதி வழியில் விரலை எடுத்தால் ஃபைல் வேறு கட்டில் விழுந்துவிடும் என்று விளக்கினேன். "நான் விடல சார். கட்டு மேல கொண்டுபோயித்தான் போட்டேன். உள்ள போனத என் கண்ணால பாத்தேன்" என்றார் அக்கா. வேறு கட்டில் விழுந்திருந்தால் அந்தக் கட்டிலாவது கிடைத்திருக்க வேண்டும். எதிலும் கிடைக்கவில்லை. எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை, அல்லது உறைக்க நான் விடவில்லை. இன்னும் இரண்டு மனுக்கள் போயின. அந்த மாதக் கடைசியில் அக்காவை நிறுத்திவிட்டார்கள். தன் சாப்பாட்டுப் பையையும் தலைவலித் தைலத்தையும் எடுத்துக்கொண்டு, "வாரேன் பாப்பா" என்று என்னிடமும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவர் இடத்துக்கு வந்த பையன் மவுஸில் பறப்பான். அவனும் அக்கா போட்டுவைத்த வரிசையிலேயே பெயர் வைத்தான். மூன்றே வாரத்தில் அவனிடமும் ஒரு மனு காணாமல் போனது. அன்றைக்குத்தான் நான் உட்கார்ந்து நானே இழுத்துப் பார்த்தேன். கட்டுக்குள் ஏற்கெனவே 3 என்று ஒரு ஃபைல் இருந்தது. நான் இன்னொரு 3-ஐ அதன் மேல் போட்டேன். பழையது போய்விட்டது. ஒரு சத்தம் இல்லை, ஒரு கேள்வி இல்லை. முதலில் கேள்வி இருந்தது. 'இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அழிக்கவா?' என்று கேட்கும். முதல்முறை ஓட்டிக் காட்டிய நாளில் அந்தப் பெட்டி குறுக்கே வந்தது. "என்னம்மா, கோர்ட்டுலதான் கேள்வின்னா இதுவும் கேக்குதே" என்று வக்கீல் சார் சிரித்தார். எனக்கு அவமானமாகிவிட்டது. அன்று சாயங்காலமே அந்த இரண்டு வரியைத் தூக்கிவிட்டேன். தூக்கியதையும் மறந்துவிட்டேன்.

அந்த வரிகளைத் திரும்பச் சேர்த்து, ஃப்ளாப்பியில் கொண்டுபோய், புது வெர்ஷன் என்று சொல்லிப் போட்டுக் கொடுத்தேன். வக்கீல் சாருக்குத் திருப்தி. "அந்தம்மா இருந்தவரைக்கும் எம்புட்டுக் குழப்பம்" என்றார். நான் தலையாட்டினேன். என் முதல் ப்ரோகிராம், என் வேலை, என் பெயர் என்று எத்தனையோ காரணம் வைத்திருந்தேன். இன்றைக்கு அதில் ஒன்றைக்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாது. அந்தத் தலையாட்டலுக்காக என் மேல் எனக்கு இருக்கும் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

ஐந்தாறு வருஷம் கழித்து மாட்டுத்தாவணியில் அக்காவைப் பார்த்தேன். மேலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஊரோடு போய்விட்டதாகவும், அங்கே ஒரு பத்திர எழுத்தரிடம் பழைய மிஷினிலேயே அடிப்பதாகவும் சொன்னார். "கம்ப்யூட்டர் வேலைக்கு ரெண்டு எடத்துல கூப்பிட்டாக. நான் போகல. அடுத்தவுக வழக்கத் தொலைச்சுப்புட்டு நம்ம நிம்மதியாத் தூங்க முடியுமா?" என்றார். பஸ் உறுமத் தொடங்கிவிட்டது. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். தொலைத்தது நீங்கள் இல்லை அக்கா, நான் எழுதியதில்தான் தப்பு, ஒரே பெயரில் இரண்டு ஃபைல் வந்தால் பழையதை அது அழித்துவிட்டது, நான்தான் அந்தக் கேள்வியை எடுத்தேன் என்றேன். சத்தத்தில் கேட்காதோ என்று இரண்டாம் முறையும் சொன்னேன்.

அக்கா பொறுமையாகக் கேட்டார். பிறகு கம்பி வழியாகக் கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டார்.

"நீ நல்ல பிள்ள பாப்பா. என் மனசு நோகக் கூடாதுன்னு தப்பத் தூக்கி ஒன் தலையில போட்டுக்கிற. எனக்குத் தெரியாதா, என் கைதான்."

பஸ் நகர்ந்துவிட்டது.