இலைக்கு முன்னால் தலையாட்டியவன்

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மென்பொருள் செய்து தரும் வேலை வந்தபோது, ஆனி பிறந்து ஆடி முடிவதற்குள் முடித்துவிடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். அவர்கள் கேட்டதும் கொஞ்சம்தான். எந்தத் தேதி காலியாக இருக்கிறது, யார் பதிவு செய்திருக்கிறார்கள், முன்பணத்துக்கு ரசீது. இதற்கு ஆடி எதற்கு, ஆனியே போதும் என்றுகூடத் தோன்றியது.

நாவலூரில் ஒரு சின்ன கம்பெனியில் என் உத்தியோகமே இதுதான். வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குவது, எழுதியதற்கு மேல் எதுவும் உள்ளே நுழைந்துவிடாமல் வாசலில் நிற்பது. இந்த எல்லைக்கு எங்கள் தொழிலில் ஸ்கோப் என்று பெயர். காவலாளி வேலைதான். சீருடை கிடையாது, அசிடிட்டி உண்டு.

நிரல் எழுத எனக்கு வாய்த்தது ஒரே ஒரு பெண். கெட்டிக்காரி. அவளுக்கு ஆவணியில் கல்யாணம். விடுப்புக்கு ஒப்புதல் கொடுத்தவனும் நான்தான். எங்கள் முதலாளி அவளையும் என்னையும் உட்காரவைத்துத் தெளிவாகச் சொல்லிவிட்டார். மண்டபத்து வேலை ஆடிக்குள் முடிந்தால் முழு விடுப்பு. முடியாவிட்டால் முகூர்த்தத்தன்று ஒரு நாள், மறுநாள் வீட்டிலிருந்தாவது வேலை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கவலையே வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அந்தக் கையை நான் அப்போதே மடக்கியிருக்க வேண்டும்.

மண்டபத்து ஓனர் அறுபதைத் தாண்டியவர். யார் வந்தாலும் சாப்பிடவைத்துத்தான் பேசுவார். கையெழுத்துக்குப் பிறகு நான் முதல் தடவை போனது ஒரு ஆனி முகூர்த்த நாள். அலுவலக அறைக்குப் போகவிடாமல் நேராகப் பந்தியில் உட்காரவைத்தார். எதிரே நின்றுகொண்டு, பரிமாறுகிறவர்களைக் கண்ணாலேயே ஏவிக்கொண்டு பேச்சை ஆரம்பித்தார். சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவில் முதல் கோரிக்கை வந்தது. ராகு காலத்தில் யாராவது முன்பணம் கட்ட வந்தால் கம்ப்யூட்டர் எச்சரிக்க வேண்டுமாம். நான் அப்பளத்தை நொறுக்கியபடி தலையாட்டினேன்.

இங்கேதான் என் தொழில் ஞானமெல்லாம் தோற்றது. கட்டுக்கடங்காத வாடிக்கையாளரிடம் எப்படி மறுப்பது என்று கம்பெனி செலவில் இரண்டு நாள் பயிற்சி எடுத்தவன் நான். வெள்ளைப் பலகை, கண்ணாடி அறை, எதிரெதிர் நாற்காலி எல்லாம் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். வாய் நிறைய அவியல் இருக்கும்போது, அதைப் போடச் சொன்ன மனிதரிடமே எப்படி முடியாது என்று சொல்வது என்பது அந்தப் பாடத்தில் இல்லை. அவர் சோற்றைத் தின்றுகொண்டே அவருக்கு இல்லை என்று சொல்ல எங்கள் தாம்பரம் பக்கத்தில் எவனுக்கு நாக்கு எழும்?

ஆகவே கோரிக்கைகள் பந்தி வரிசையிலேயே வந்தன. மோர் ஊற்றும்போது பாத்திர வாடகைக் கணக்கு சேர்ந்தது. அடுத்த தடவை, வடையோடு, ஜெனரேட்டர் டீசல் கணக்கு. அதற்கடுத்த தடவை பால் பாயசத்தோடு ஒரு பெரிய யோசனையைப் பரிமாறினார்.

“இன்னா தம்பி, பாயசம் பத்தலியா? ஊத்துடா அவருக்கு. அப்புறம் ஒண்ணு. பொண்ணு வூட்டுக்குத் தனி பில்லு, மாப்ள வூட்டுக்குத் தனி பில்லு. ரெண்டு பேரும் பாதிப் பாதின்னு சொல்லிகினு வந்து கடைசில என் தலையில கைவெக்கிறானுங்க. இது சின்ன வேலதானே உனக்கு?”

சின்ன வேலைதான் என்றேன். இரண்டாவது கரண்டி பாயசம் விழுந்துவிட்டதே, வேறென்ன சொல்ல.

மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக நாவலூருக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போதுதான் ஒவ்வொரு தடவையும் பயம் பிடிக்கும். ஹெல்மெட்டுக்குள்ளேயே முதலாளியிடம் சொல்லவேண்டிய விளக்கங்களை ஒத்திகை பார்ப்பேன். பக்கத்து வண்டிக்காரர்கள் என்னைத் தெய்வ பக்தன் என்று நினைத்திருக்கலாம். அலுவலகத்துக்குள் நுழையும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு சின்ன மாற்றம் என்று சிரித்தபடி சொல்வேன்.

தனித்தனி பில் சமாச்சாரத்தைச் சொன்ன அன்று அந்தப் பெண் மடிக்கணினியை மெதுவாக மூடினாள். கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பேஜாராக இருந்தது.

“உங்களுக்கு அங்க பாயசம் போடறாங்க சார், எனக்கு இங்க ஆபீஸ்லயே படுக்கப் பாய் போடறீங்க” என்றாள். பிறகு கேட்டாள்: “என் கல்யாணத்துக்கு நான் வரலாமா சார்? சும்மா, பத்திரிகைல பேர் போட்டாச்சு, அதான்.”

நான் வரலாம் என்றேன்.

ஆடி பிறந்துவிட்டது. முகூர்த்தம் இல்லாத மாதம், மண்டபத்தில் பந்தி இருக்காது, ஓனரைத் தைரியமாக அலுவலக அறையிலேயே பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். தொலைபேசியில் சொன்னதும், அதற்கென்ன, வீட்டிலிருந்து மீன் குழம்பு வந்துவிடும் என்றார். மீன் குழம்புக்கு முன்னால் நான் எதையெதை விட்டுக்கொடுப்பேன் என்று எனக்கே தெரியாது. என் வீட்டருகே சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலை நடையின்போது நின்று யோசித்தேன். அவர் மனம் புண்படாமல் சாப்பாட்டை மறுக்க இந்த ஊரில் ஒரே ஒரு வழிதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை நெற்றி நிறைய குங்குமம் இட்டுக்கொண்டு போனேன். கடவுளை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாதவன் நான். மண்டப வேலை நல்லபடியாக முடியும்வரை வெள்ளிக்கிழமை தோறும் விரதம் என்று வேண்டிக்கொண்டதாகச் சொன்னேன். ஓனர் நெகிழ்ந்துபோனார். தன் மண்டபத்துக்காக ஒருத்தன் பட்டினி கிடக்கிறானே என்று ஒரு டம்ளர் பால் மட்டும் வரவழைத்தார். முதன்முறையாக எங்கள் நடுவே இலை இல்லாமல் ஒரு மேஜை இருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் வேறொரு கல்யாணப் பெண்ணின் அப்பா வந்தார். ஆவணிக் கல்யாணத்துக்குப் பதிவு செய்திருந்தவர். வண்டி நிறுத்துமிடத்தில் இன்னிசைக் கச்சேரிக்கு மேடை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். ஓனர் அவரை உட்காரவைத்தார், காபி கொடுத்தார், முடியாது என்று சொல்லவே இல்லை.

“தாராளமா போடுங்க சார். மேடை அங்க வந்தா காரெல்லாம் வேளச்சேரி ரோட்லதான் நிக்கும். உங்களுக்குக் கச்சேரி முக்கியமா, காரு முக்கியமா, யோசிச்சு சொல்லுங்க. எதுவா இருந்தாலும் நான் பண்ணித் தரேன்.”

வந்தவர் யோசித்தார். கச்சேரியை அவரே கைவிட்டார். போகும்போது நன்றி வேறு சொன்னார். நான் பாலைக் குடித்தபடி ஓனரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த மனிதரா என்னிடம் இத்தனை நாள் ஒன்றும் தெரியாதவர்போல் பாயசம் ஊற்றினார்?

அவர் என் பக்கம் திரும்பியதும், செருப்பு காணாமல் போனால் எழுதிவைக்க ஒரு பக்கம் வேண்டும் என்று ஆரம்பித்தார்.

“தாராளமா பண்ணலாம் சார்” என்றேன். “செருப்பு உள்ள வந்தா ரசீது ஆவணிக்கு வராது. ஆவணில முகூர்த்தம் நிறைய. உங்களுக்கு ரசீது முக்கியமா, செருப்பு முக்கியமா, யோசிச்சு சொல்லுங்க.”

ஓனர் மீசைக்குள் சிரித்தார். “வெறும் வயித்துல நல்லா பேசறியே தம்பி” என்றார்.

அன்று பேசிப் பேசி, ராகு கால எச்சரிக்கையை மட்டும் இப்போதே செய்து தருவதாக விட்டுக்கொடுத்தேன். பாத்திரம், டீசல், தனித்தனி பில், செருப்பு எல்லாம் ஐப்பசிக்கு, தனி வேலையாக, தனி விலையில் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். ஆடி முடிய இரண்டு நாள் மிச்சமிருக்கும்போது மண்டபத்தில் முதல் ரசீது அச்சாகி வந்தது. அந்தப் பெண் என் விரதக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு முழு விடுப்பில் போனாள். போகும்போது பத்திரிகையை என்னிடம் கொடுத்துவிட்டு, ஓனருக்கும் ஒன்று கொடுக்கச் சொன்னாள். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவள் கல்யாணம் சிட்லபாக்கத்திலேயே, என் வீட்டுக்கு நடக்கும் தூரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில். தாலி கட்டி முடிந்ததும் நல்ல பசியோடு பந்தியில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் ஓனர். எனக்கு இலை போட வந்தவரை அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“சாருக்கு வேணாம்பா. வெள்ளிக்கிழமை விரதம். வேலை முடியிற வரைக்கும் வேண்டுதல் கீது. ஐப்பசி வேலை இன்னும் பாக்கி. ஒரு டம்ளர் பால் மட்டும் கொண்டா.”

கிழமையை நான் பார்க்கவே இல்லை. வரிசையில் இருந்தவர்கள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். ஓனர் நிதானமாகச் சாப்பிட்டார். இரண்டு முறை பாயசம் வாங்கிக்கொண்டார். மோருக்கு வந்தபோது, ஐப்பசி வேலையில் இன்னொன்றைச் சேர்க்கலாமா என்று கேட்டார். நான் வெறும் வயிற்றில் இருந்தேன். தாராளமாகச் சேர்க்கலாம், எதை எடுத்துவிடலாம் என்று கேட்டேன்.

மாலையும் கழுத்துமாகப் பந்தியைப் பார்க்க வந்த கல்யாணப் பெண், என் முன்னால் இருந்த டம்ளரைப் பார்த்து நின்றாள். “மோர் கூடவா கூடாது சார்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மாப்பிள்ளையின் காதில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே போனாள்.